பேரரசருக்கு அக்கா கிடையாது

ரோமப் பேரரசின் சிறிய ஊரான உல்காவின் மரப்பாலத்தைக் கடந்து வருகிற எவரும் மடேனாவின் புகைக்குள் நுழைந்துதான் ஊருக்குள் வர வேண்டியிருந்தது. பாலத்தின் இறக்கத்திலேயே அவள் கடை. கொத்திய பன்றிக்கறியில் மிளகும் சீரகமும் மீன்சாறும் சேர்த்துப் பிசைந்து, கழுவிய குடலில் அடைத்து, கருவாலி விறகுப் புகையில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பாள். சிர்மியம் நகரத்துக்குப் போகிற வண்டிக்காரர்கள் அங்கே நின்று இரண்டு சரம் வாங்காமல் போனதில்லை.

இந்தப் புகையால் நிம்மதி இழந்தவர் ஊர்ச்சபைத் தலைவர் சாட்ரியுஸ் ஒருவர்தான். அவர் வீடு காற்று அடிக்கும் பக்கம் இருந்தது. சபைக்கு உடுத்திப் போகிற வெள்ளை அங்கியை எத்தனை முறை வெளுத்தாலும், அவர் எழுந்து பேச ஆரம்பித்ததும் எதிரில் இருப்பவர்களுக்குப் பசியெடுத்துவிடும். அதனால் அவர் அடிக்கடி ஆளனுப்பி மடேனாவைத் திட்டுவார். மடேனா வந்தவனிடம் ஒரு துண்டுக் கறியை நீட்டுவாள். அவன் அதைத் தின்றபடியே திரும்பிப் போய், "நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லிட்டேன் ஐயா" என்பான்.

மடேனாவின் அப்பா பாட்டோ, சாவா ஆற்றுக்கு அக்கரைக் காட்டில் அடுத்தவர்களுடைய பன்றிகளை மேய்த்தவர். பிள்ளைகளுக்கு அவர் விட்டுப் போன ஒரே சொத்து அவருடைய மூக்கு. நெற்றியிலிருந்து நேராக இறங்கி, பாதியில் மனம் மாறியது போல் சட்டென்று கீழே வளையும் மூக்கு. மகன் டாசியுஸுக்கு அது ஒரு மிடுக்கைத் தந்தது. மகள் மடேனாவுக்கு அது எதையும் தரவில்லை. பிலாட்டோர் என்ற படகுக்காரன் அவளைக் கட்டிக்கொண்டபோது, "மூக்கப் பாத்துட்டுதானே சரின்னே? அப்புறம் எதாச்சும் சொன்னே, தொலைச்சிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

தம்பியை வளர்த்தவள் அவள்தான். அம்மா டாட்டா எப்போதும் அடுப்படியிலோ பன்றிக் கொட்டிலிலோ இருப்பாள். டாசியுஸ் எந்நேரமும் அக்கா இடுப்பில் இருப்பான். மீசை முளைத்த வயதில் அவனைப் பன்றிகளோடு தனியாக அனுப்பினார்கள். அன்றைக்கென்று பார்த்துப் படைக்கு ஆள் சேர்ப்பவர்கள் கொம்பு ஊதிக்கொண்டு வந்தார்கள். இவன் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்து நின்றான். பன்றிகள் நேராகச் சாட்ரியுஸுடைய அப்பாவின் தோட்டத்துக்குள் புகுந்து முள்ளங்கிப் பாத்தி முழுவதையும் உழுதுவிட்டன. வீட்டுக்குப் போனால் அடி நிச்சயம், படைக்குப் போனால் எதிரி அடித்தால்தான் அடி என்று கணக்குப் போட்டான் டாசியுஸ். கொம்பு ஊதினவர்களோடேயே போய்விட்டான். முள்ளங்கிக்கான உதை பாட்டோவுக்கு விழுந்தது.

அதன்பின் அவனைப் பற்றிக் காற்றுவாக்கில்தான் செய்தி வந்தது. பாரசீக எல்லையில் இருக்கிறான், குதிரைப்படைக்கு மாறிவிட்டான், அதற்குத் தலைவனாகவும் ஆகிவிட்டான் என்றார்கள். அப்பா போனார். அம்மாவும் போனாள். அவன் வரவில்லை. மடேனா அவனைத் திட்டுவதற்கான வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வசந்த காலத்தில், பனி உருகிப் பாதையெல்லாம் சேறாகக் கிடந்தபோது, வண்டிக்காரன் ஒருவன் கறிக்குப் புத்தம்புதுக் காசு ஒன்றைக் கொடுத்தான். அந்தக் காலத்தில் பேரரசர்கள் மாறுகிற வேகத்துக்குப் புதுக் காசு ஓர் அதிசயமே இல்லை. ஆனால் மடேனா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யோவ் பிலாட்டோர், இங்க வா. இந்த மூக்கப் பாரு."

பிலாட்டோர் பார்த்தான். "உன் மூக்கு."

"என் மூக்க எதுக்குய்யா காசுல போடுறாங்க?"

பிலாட்டோருக்குக் கொஞ்சம் எழுத்துக்கூட்டத் தெரியும். விளிம்பில் இருந்ததை விரலால் தடவிப் படித்தான். "டா... சி... யா... னுஸ். பேரரசர் டாசியானுஸ்." காசைப் பலகைமேல் மெதுவாக வைத்தான். "டாசியுஸைத்தான் நீட்டி இழுத்திருக்காங்க. அடியே, உன் தம்பிடீ."

மடேனா அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அந்த முள்ளங்கித் திருடனா?" என்றாள்.

மறுநாள் காலையில் சாட்ரியுஸ் தாமே வந்தார். சபையில் பாதிப்பேர் பின்னால் வந்தார்கள். புகை அவர் முகத்தில் அடித்தது. அவர் அதை மல்லிகை வாசம் போல் இழுத்துவிட்டார்.

"அம்மா மடேனா! எவ்வளவு நல்ல நாள் இது! உங்களுக்கே தெரியும், என் தாய்மாமன் வழியில உங்கப்பா எனக்கு ஒண்ணுவிட்ட பெரியப்பா முறை ஆகணும்."

"அப்படியா? முள்ளங்கிக்காக உங்கப்பா எங்கப்பாவைத் தூண்ல கட்டி வச்சு அடிச்சாரே, அது எந்த முறையில?"

"உரிமையோட அடிச்சதும்மா. சொந்தக்காரனைத்தானே அடிக்க முடியும்?"

இப்படி ஊரெங்கும் சொந்தம் முளைத்தது. மாவு அரைக்கிறவன் சித்தப்பா ஆனான். வெளுக்கிறவள் அத்தை மகள் ஆனாள். எல்லோரும் சொந்தமென்று காசு கொடுக்காமல் கறி எடுத்துக்கொண்டு போனார்கள். "இவன் ஆட்சி இன்னும் கொஞ்ச நாள் நீடிச்சா நம்ம கடை மூடிடும்" என்றான் பிலாட்டோர்.

அந்த நேரத்தில்தான் அரண்மனை எழுத்தர் நிகாண்டர் வந்து இறங்கினார். கிரேக்கர். ஒல்லியான உடம்பு. புகையில் தும்மிக்கொண்டே இருந்தார். புதிய பேரரசருக்கு ஒரு குலப்பெருமை வேண்டும், அதைத் திரட்டுவது அவர் வேலை. மடேனாவை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

"பேரரசரோட தகப்பனார் என்ன செஞ்சிட்டிருந்தார்?"

"பன்னி மேச்சார்."

"நிலபுலன் எதாவது வச்சிருந்தாரா?"

"பன்னிதான் வச்சிருந்தார். அதுவும் அடுத்தவங்க பன்னி."

"சரி. தாத்தா?"

"அவரும் பன்னிதான்."

"பன்னி மேச்சவர்னு முழுசா சொல்லுங்கம்மா. கேக்கவே பக்குனு இருக்கு." நிகாண்டர் தும்மினார். "பிறந்தப்ப சகுனம் எதாவது? வானத்துல வெளிச்சம், பேசுற சிலை, இந்த மாதிரி?"

மடேனா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அன்னிக்கு நல்ல மழை. கூரை ஒழுகுச்சு. எங்கம்மாவுக்கு வலி எடுத்த அதே நேரம் பெரிய பன்னி ஒண்ணு குட்டி போட ஆரம்பிச்சுது. அப்பா எங்க போறதுன்னு தெரியாம மொதல்ல பன்னிகிட்ட போனாரு. அம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவா."

"வேற?"

"பருந்து ஒண்ணு வந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டுப் போச்சு."

"கழுகு!" நிகாண்டர் துள்ளி எழுந்தார். "பிறந்த நேரத்துல வீட்டுக்கு மேல கழுகு!"

"பருந்துய்யா."

"ரோம்ல பருந்து கிடையாதும்மா. கழுகுதான்."

மூன்றாம் நாள் அவர் முகம் பளபளக்க வந்தார். ரோமில் போர்க்கியுஸ் என்று ஒரு பழம்பெரும் குடும்பம் இருந்தது. செனட் சபையில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தவர்கள். லத்தீனில் 'போர்க்குஸ்' என்றால் பன்றி. அந்தக் குடும்பத்தின் தொலைந்துபோன கிளை ஒன்று சாவாக் கரைக்கு வந்து சேர்ந்தது என்று முடிவு செய்துவிட்டார்.

"போர்க்கியுஸ் டாசியானுஸ்! எப்படி இருக்கு? நாளைக்கு எவனும் இது முழுப்பொய்னு சொல்ல முடியாது. பன்னி உள்ள இருக்கு!"

மடேனா வயிறு குலுங்கச் சிரித்தாள். "மூணு நாள் சுத்திட்டு கடைசியில கொட்டிலுக்கே வந்துட்டீங்களேய்யா!"

சந்தையில் பாட்டோவுக்குச் சிலை எழுந்தது. வாழ்நாளில் முழங்காலுக்குக் கீழே துணி கண்டிராத மனிதர், கணுக்கால் வரை மடிப்பு மடிப்பாக அங்கி உடுத்திக் கையில் சுருளோடு நின்றார். சிற்பி மூக்கை மட்டும் மடேனாவைப் பார்த்துச் செதுக்கினான். அவள் அதற்கு நின்று கொடுத்தாள், எதிர்க்கடைக்காரிகள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் அதிக நேரமாகவே நின்றாள்.

சிலை திறந்த அன்று பீடத்தில் இருந்ததைப் பிலாட்டோர் எழுத்துக்கூட்டி வாசித்தான். பேரரசர் போர்க்கியுஸ் டாசியானுஸின் தந்தை, இன்னாரின் மகன், இன்னாரின் பேரன். கடைசி வரிக்கு வந்ததும் அவன் குரல் இறங்கியது.

"என்ன போட்டிருக்கு? சும்மா சொல்லுய்யா."

"தன் ஒரே பிள்ளையை உலகுக்கு அளித்தவர்."

மடேனா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நிகாண்டரிடம் போனாள். "ஒரே பிள்ளைன்னா நான் யாரு? அவனுக்குச் சளி பிடிச்சா மூக்கச் சிந்திவிட்டது யாரு? அந்த மூக்க!"

நிகாண்டர் அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "பேரரசருக்கு அக்கா கிடையாதும்மா. மேலிடத்து உத்தரவு."

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. மாவு அரைக்கிறவன் முதலில் நழுவினான். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஒரு சொந்தமும் மிச்சமில்லை. மடேனா கடையைச் சாத்தினாள். அடுப்பை அணைத்தாள். மறுநாள் சாட்ரியுஸின் அங்கி பளிச்சென்று வாசமில்லாமல் இருந்தது. அவர் சந்தோஷமாகச் சபைக்குப் போனார்.

"பன்னி மேச்சவன் மகள்னு சொல்லட்டும், கறிக்காரின்னு சொல்லட்டும். இல்லவே இல்லைன்னா எப்படிய்யா?" என்று பிலாட்டோரிடம் கேட்டாள். அவன் பார்லிக் கள்ளை ஊற்றிக் கொடுத்தான். 

கோடை தொடங்கியதும் பேரரசரே வந்தார். டான்யூப் கரையிலிருந்து இத்தாலிக்குப் போகிற படை உல்கா வழியாகப் போயிற்று. சாட்ரியுஸ் பாலத்தருகே நின்று போர்க்கியுஸ் குலத்தின் பெருமையை நீட்டி முழக்கினார். குதிரைமேல் ஊதா மேலாடையோடு இருந்த டாசியுஸ், பேச்சு நடுவில் இருக்கும்போதே காற்றை மோந்து பார்த்தார்.

"இங்க புகைக்கறி போடுறவங்க யாரோ இருந்தாங்களே?"

"இருக்காங்க பேரரசே. இப்ப அடுப்பு எரியறதில்ல."

"படைக்குக் கறி வேணும். அந்தம்மாவைக் கூப்பிடுங்க. நானே பேசிக்கிறேன்."

சாட்ரியுஸின் வீட்டுக் கூடத்தில் மடேனாவைத் தனியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வெளியே வேல்காரர்கள். உள்ளே தாடி நரைத்த ஒரு கிழட்டுப் போர்வீரன், ஊதா மேலாடையைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு நின்றான்.

"அக்கா" என்றான்.

"யாருய்யா அக்கா? பேரரசருக்கு அக்கா கிடையாது. கல்லுல அடிச்சிருக்கு, போய்ப் பாரு."

"கத்தாதக்கா. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்! அம்மா சாகுறப்ப உன் பேரைச் சொல்லிட்டே செத்தா. அப்பா முதுகுல இருந்த தழும்பு உன்னால வந்தது. இத்தனை வருஷம் திரும்பிப் பாக்கல. வந்ததும் வராததுமா என்னை அழிச்சிட்டே! எதுக்குடா?"

டாசியுஸ் அவள் இடுப்புப் பையையே பார்த்தான். "எதாவது கொண்டு வந்தியா?"

அவள் கொண்டு வந்திருந்தாள். கோபத்தில் கிளம்பினாலும் கை அதுபாட்டுக்கு ஒரு சரத்தை எடுத்துச் சுருட்டி வைத்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து தின்றான். ஒரு பக்கமாகவே மென்றான்.

"பல்லா?" என்றாள் மடேனா.

"பல்லுதான். எல்லாமே அதனாலதான். அந்தப் பழைய பேரரசரைக் கொன்ன அன்னிக்கு நான் கன்னம் வீங்கிக் கூடாரத்துல படுத்திருந்தேன். படைக்காரங்க திபுதிபுன்னு உள்ள வந்து, ஊதாத் துணியப் போத்தி, நீங்கதான் இனிமே பேரரசர்னாங்க. வேண்டாம்னு சொல்ல வாயத் தொறந்தா உயிர் போகுது. ஒண்ணும் பேசாம நின்னேன். என்ன கம்பீரம், என்ன கம்பீரம்னு கேடயத்துல தூக்கி வச்சுட்டாங்க."

மடேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெளியே வேல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்த வரியப் போடச் சொன்னது நிகாண்டர் இல்ல. நான்தான். எனக்கு முன்னாடி இருந்தவர் போனதும் அவர் பொண்டாட்டிய, தம்பிய, தம்பி பிள்ளைங்களைத் தேடித் தேடிப் பிடிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எனக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது. இருக்கறது நீ ஒருத்தி. அதான் இல்லாம பண்ணிட்டேன்."

 அவன் தாடியில் ஒட்டியிருந்த கொழுப்பைத் தன் முந்தித் துணியால் துடைத்தாள். "அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம்ல, மடையா?"

"சொல்லியிருந்தா நீ அப்படிக் கத்தியிருப்பியா? ஊரே நம்பியிருக்குமா?"

கிளம்பும்போது அவன் உரக்கச் சொன்னான்: "கறி சுமார்தான்! இருந்தாலும் படைக்கு எடுத்துக்கலாம்!" அவள் கதவுக்கு இப்பாலிருந்தே, "சுமாரா? இருடா" என்று பல்லைக் கடித்தாள். மறுநாள் அடுப்பு எரிந்தது.

திராட்சை பறிக்கத் தொடங்கும் முன்பே டாசியுஸின் ஆட்சி முடிந்துவிட்டது. செய்தியும் புதிய பேரரசரின் ஆட்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். தலைமை தாங்கி வந்த நூற்றுவர் தலைவனின் பெயர் வலென்டியோ. கண்ணில் தூக்கமே இல்லாத ஆள். சந்தையில் எல்லோரையும் நிறுத்தினான்.

"செத்தவனோட ஆளுங்க, சொந்தக்காரங்க யாரு?"

உல்கா வாயே திறக்கவில்லை. அவன் கையில் டாசியுஸின் காசு. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் மடேனா முன்னால் நின்றான். காசைப் பார்த்தான். அவள் மூக்கைப் பார்த்தான். மறுபடி காசைப் பார்த்தான்.

"அம்மா, இந்த மூக்கு உனக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கப்பாகிட்டேருந்து."

"அவர் யாரு?"

"பன்னி மேச்சவர் ஐயா." அவள் கையை நீட்டி ஆற்றுப் பக்கம் காட்டினாள். "அக்கரைக் காட்டுல போய்ப் பாருங்க. பாதிப் பேருக்கு இதே மூக்குதான். குளிருக்கு நல்லது."

வலென்டியோ நகரவில்லை. அப்போதுதான் சாட்ரியுஸ் முன்னால் வந்தார். ஒண்ணுவிட்ட பெரியப்பா உறவைக் கொண்டாடியவர் வாயைத் திறந்ததும் பிலாட்டோர் கண்ணை மூடிக்கொண்டான்.

"இவளா? இவளா பேரரசர் சொந்தம்?" சாட்ரியுஸ் முகம் சிவந்துவிட்டது. "ஐயா, அந்தக் கல்லைப் படிங்க! செத்தவன் ரோமாபுரிக் குடும்பம், ஒரே பிள்ளை! இவ இந்த ஊரோட சாபக்கேடு! இருபது வருஷமா என் துணியெல்லாம் நாத்தம்! சபையில நான் தீர்ப்புச் சொன்னா எதிராளி நாக்கச் சப்புறான்! என் பொண்டாட்டி என்னை விட்டுத் தள்ளிப் படுக்கிறா! பேரரசர் சொந்தம்னா இந்நேரம் மாளிகைக்குப் போயிருக்க மாட்டாளா? இவளைக் கூட்டிட்டுப் போங்க, எங்கயாவது கூட்டிட்டுப் போங்க, நான் நிம்மதியா இருக்கேன்!"

இருபது வருஷத்து ஆத்திரம் அது. நடிப்பாக இருந்தால் அவ்வளவு எச்சில் தெறித்திருக்காது. வலென்டியோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். கல்லைப் போய் ஒருமுறை படித்தான். பிறகு அலுப்போடு காசைப் பைக்குள் போட்டான்.

"ரோம்காரன் கணக்க ரோம்ல போய்ப் பாத்துக்கட்டும். ஏம்மா, அந்தக் கறி ரெண்டு சரம் கொடு."

அவர்கள் போனபின் மடேனா சாட்ரியுஸிடம் போனாள். "ஐயா, என்னைக் காப்பாத்தணும்னுதானா அப்படிப் பேசினீங்க?"

சாட்ரியுஸ் அங்கியைச் சரிசெய்துகொண்டார். "அது தெரியல. ஆனா பேசினதெல்லாம் நெசம்" என்றார். அன்றிலிருந்து காற்று அவர் வீட்டுப் பக்கம் அடிக்கிற நாட்களில் மடேனா அதிகம் புகைகிற பச்சை விறகைத் தவிர்த்தாள். அவளால் செய்ய முடிந்த நன்றி அதுதான்.

அழத்தான் முடியவில்லை. இல்லாத தம்பிக்கு எப்படி அழுவது? வெங்காயம் நறுக்கும்போது அழுதாள். கறியில் அந்த வாரம் வெங்காயம் அதிகம் என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

மேலிட உத்தரவுப்படி கல்லிலிருந்து டாசியுஸின் பெயரைச் செதுக்கி எடுத்தார்கள். புதுச் சிலைக்குச் செலவழிக்கச் சபைக்கு மனமில்லை. அதே பாட்டோவைப் புதிய பேரரசரின் தந்தை என்று எழுதி நிறுத்திவிட்டார்கள்.

குளிர் தொடங்கியபோது கழுதைக்காரன் போர்வையும் புண்ணான காலுமாக ஒருவர் கடை முன்னால் வந்து தும்மினார். அந்தத் தும்மலை மடேனா உடனே அடையாளம் கண்டாள். நிகாண்டர்.

உள்ளே இழுத்து உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொன்னார். இத்தாலியில் ஓர் ஆற்றங்கரையில், எதிரே இன்னொரு பேரரசர் கிளம்பிவிட்டார் என்று செய்தி வந்தது. டாசியுஸின் படை அவரோடு விலை பேசிவிட்டது. டாசியுஸுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. குதிரை கூடத் தயாராக நின்றது.

"ஏன் ஏறல?"

"'இந்த மூக்க வச்சிக்கிட்டு எங்க போய் ஒளியறது நிகாண்டர்? காசு பூரா இருக்கு'ன்னு சிரிச்சார். என்னைத்தான் அந்தக் குதிரையில ஏத்திவிட்டார். உல்காவுக்குப் போ, கறிக்கடையில வேலை கேளு, அந்தம்மா திட்டும், ஆனா சோறு போடும்னார்."

மடேனா அன்றுதான் வெங்காயம் இல்லாமல் அழுதாள். பிலாட்டோர் கடையை மூடினான். நிகாண்டர் எதையோ ஆறுதலாகச் சொல்ல வாயைத் திறந்தார். "போர்க்கியுஸ் குலத்தின்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவரை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் அங்கேயே தங்கிவிட்டார். குடலில் கறி அடைக்க அவருக்குக் கடைசி வரை வரவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பிதுங்கும். ஆனால் பாலத்தில் நின்று அவர் கூவினால், நிற்காத வண்டியும் நிற்கும். பன்றிகள் தின்ற கருவாலிக் கொட்டையில் தொடங்கி, அடுப்பின் புகை எந்தத் தெய்வத்தின் மூக்கை எட்டுகிறது என்பது வரை போவார். மடேனா உள்ளேயிருந்து, "பொய்! ஆனா வாங்கிக்கோங்க!" என்று குரல் கொடுப்பாள்.

செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற மாசி நாட்களில், மூன்று பேரும் அக்கரைக் காட்டுக்குப் போனார்கள். காட்டைக் காக்கிற சில்வானுஸ் சாமியின் கல்லுக்குப் பக்கத்தில் மடேனா ஒரு சரத்தை வைத்துப் பார்லிக் கள்ளைத் தரையில் ஊற்றினாள். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். காட்டில் கேட்க யாருமில்லை.

"டாசியுஸு, பாட்டோ மகனே, என் தம்பி, வந்து சாப்பிடுடா" என்றாள். "பல்லு இப்ப வலிக்காதுல்ல?"

வந்தது ஒரு பெண் பன்றியும் அதன் குட்டிகளும்தான். நிகாண்டர் விரட்டக் கம்பை எடுத்தார். "விடுய்யா, தின்னட்டும்" என்று சொல்லிவிட்டு, மடேனா மிச்சக் கள்ளைத் தனக்கு ஊற்றிக்கொண்டாள்.